தறியும் ஆலையும்

காஞ்சி மாநகரிலிருந்து தெற்கு நோக்கிப் பாலாற்றையும் செய்யாற்றையும் கடந்து சென்றால், வயல்களுக்கும் ஏரிகளுக்கும் நடுவே உத்திரமேரூர் என்னும் பழம்பதியைக் காணலாம். அவ்வூரின் வைகுந்தப் பெருமாள் கோயிற் சுவர்களில் உள்ள கல்வெட்டுகள் உலகப் புகழ் வாய்ந்தவை. முதற் பராந்தக சோழனின் ஆட்சிக் காலத்தில், கி. பி. 919, 921 ஆகிய ஆண்டுகளில் ஊரவை செய்த முடிவுகள் அவற்றிற் பொறிக்கப்பட்டுள்ளன. ஊரை முப்பது குடும்புகளாகப் பிரித்ததும், குடத்தில் ஓலையிட்டுப் பொதுப்பணிக்கு உரியாரைத் தேர்ந்ததும் அவற்றால் விளங்குகின்றன.

அவ்வாறு தேர்ந்தெடுக்கப்பட்ட வாரியங்களுள் ஒன்று ஏரி வாரியம். ஆறு பேர் அதில் உறுப்பினராய் இருந்தனர். வயிரமேக தடாகம் என்னும் பேரேரியே அவ்வூருக்கு உயிர். அந்நீரைக் காக்கும் பொறுப்பு ஒருவரின் விருப்பத்திற்கு விடப்படவில்லை. ஊரின் பொதுக் கடமையாகவே கொள்ளப்பட்டது. முன்னர் வாரியத்தில் இருந்து, கணக்குக் காட்டாது போனவர் மீண்டும் தேர்ந்தெடுக்கப்பெறும் தகுதியை இழந்தார். அவர் உறவினருக்கும் அத்தடை உண்டு.

உத்திரமேரூர் வட்டத்திலேயே, பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் இடத்தில், திருமுக்கூடல் என்னும் ஊர் உள்ளது. அவ்வூர்க் கோயிலில் வீரராசேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டொன்று காணப்படுகிறது. பதினோராம் நூற்றாண்டைச் சேர்ந்த அக்கல்வெட்டு, 15 படுக்கைகள் கொண்ட ஆதுலர் சாலை ஒன்றைக் குறிக்கிறது. மருத்துவரும், அறுவை செய்வோரும், மருந்துச் செடி கொணர்வோரும், நோயாளிகளைப் பேணும் பெண்டிரும் அங்குப் பணியாற்றினர். நீரும் மருந்தும் பொதுநலத்தின் பாற்பட்டவை என்னும் எண்ணம் இந்நிலப்பகுதிக்குப் புதியதன்று என்பது இதனாற் பெறப்படும்.

ஆயினும் அப்பழைய ஆட்சிமுறையில் எல்லார்க்கும் இடம் இருந்ததில்லை. வரி செலுத்தும் நிலமும், சொந்த மனையில் வீடும், வேதக் கல்வியும் உடையவர்க்கே குடவோலையிற் பெயர் எழுதப்பட்டது. நிலமில்லாத உழவனுக்கும், தறி நெய்தவனுக்கும், பெண்டிருக்கும் அவ்வுரிமை இல்லை. பிற்காலத்தில் பொறித்தொழில் வந்தபோது ஊரை விட்டு ஆலைக்குச் சென்றவர்கள் பெரும்பாலும் இத்தகைய மக்களே. அவர்கள் வாழ்விலும், உழைப்பிலும், உடல்நலத்திலும் அத்தொழில் விளைத்த மாறுதல்களை ஆராய்தல் பயனுடையது.

வீட்டில் நடந்த தொழில்

ஆலைகள் தோன்றுமுன் துணி உண்டாக்கும் தொழில் வீடுகளிலேயே நடைபெற்றது. சிற்றூர்ப் பெண்கள் இராட்டையில் நூல் நூற்றனர். காஞ்சிபுரம் முதலிய ஊர்களில் நெசவாளர் தெருவெங்கும் பாவு விரித்துக் கஞ்சி தோய்த்து உலர்த்தினர். வீட்டினுள்ளே தறிக்குழியில் கால்களை வைத்து அமர்ந்து, ஆடவர் நாடாவை இடமும் வலமும் எறிந்து நெய்தனர். மனைவியும் மக்களும் தார் சுற்றியும் இழை பிணைத்தும் உதவினர். வீடே தொழிற்கூடம், குடும்பமே தொழிலாளர் குழு.

இவ்வாழ்க்கையை இன்பமே நிறைந்தது என எண்ணுதல் பொருந்தாது. மழைக்காலத்தில் பாவு உலராது, தறி நின்றுவிடும். தறி நின்றால் அடுப்பும் நின்றுவிடும். நூலுக்கும் உணவுக்கும் வணிகரிடம் முன்பணம் பெற்ற நெசவாளர் பலர் வாழ்நாள் முழுதும் கடனிலேயே உழன்றனர். சிறுவரும் இளமையிலேயே தறியடியில் அமர்த்தப்பட்டனர். எனினும் ஒன்று கூறலாம். எப்போது எழுவது, எப்போது இளைப்பாறுவது என்பதை நெசவாளரே முடிவு செய்தனர். ஞாயிறும் மழையும் அவர்களுக்குக் கடிகாரமாயின.

அவர்கள் நெய்த துணிக்குக் கடல் கடந்த நாடுகளிலும் பெருமதிப்பு இருந்தது. ஆங்கிலக் கிழக்கிந்தியக் குழுவினர் 1639ஆம் ஆண்டில் சென்னையில் இடம் பெற்றமைக்கு இத்துணி வாணிகமே தலையாய காரணம். நூற்போரையும் நெய்வோரையும் சாயமிடுவோரையும் குடியேற்றும் பொருட்டே 1734இல் சிந்தாதிரிப்பேட்டை என்னும் பகுதி உருவாக்கப்பட்டது. இந்திய அச்சுத் துணிகள் இங்கிலாந்தின் கம்பளித் தொழிலையும் பட்டுத் தொழிலையும் நலிவித்தமையால், அவற்றைத் தடுக்க அந்நாட்டுப் பாராளுமன்றம் 1700இலும் 1721இலும் சட்டங்கள் இயற்றியது.

மாறிய காற்று

அந்நூற்றாண்டின் பிற்பகுதியில் காற்றுத் திசை மாறியது. ஆர்கிரீவ்ஸ் என்பார் 1764ஆம் ஆண்டையொட்டி, ஒருவரே பல இழைகளை ஒருங்கே நூற்கும் கருவியை அமைத்தார். ஆர்க்ரைட் 1769இல் நீராற்றலால் இயங்கும் நூற்பொறிக்கு உரிமை பெற்றார். அதே ஆண்டில் ஜேம்ஸ் வாட் தாம் திருத்திய நீராவிப் பொறிக்கு உரிமை பெற்றார். கார்ட்ரைட் 1785இல் விசைத்தறியை உருவாக்கினார். நூறு கைகள் செய்த வேலையை ஒரு பொறி செய்யத் தொடங்கிற்று. மான்செஸ்டர் முதலிய நகரங்களில் ஆலைகள் பெருகின. இந்தியத் துணியை விலைக்கு வாங்கிய நாடு, இந்தியாவிற்கே துணியும் நூலும் விற்கும் நாடாயிற்று.

இப்போட்டியில் முதலில் வீழ்ந்தது தறி அன்று, இராட்டையே. ஆலை நூல் மலிவாகவும் ஒரே சீராகவும் இருந்தமையால், நெசவாளர் அதனையே வாங்கி நெய்யத் தொடங்கினர். அதனால் தறி ஒருவாறு பிழைத்தது. நூற்றுப் பொருளீட்டிய பெண்களுக்கோ கையிலிருந்த வருவாய் போயிற்று. கைம்பெண்களும் முதியோரும் வீட்டிலிருந்தபடியே செய்யக்கூடிய தொழில் ஒன்று ஊர்தோறும் ஓசையின்றி மறைந்தது.

ஊரை விட்டு நகரத்திற்கு

1856ஆம் ஆண்டு சூலைத் திங்கள் முதல் நாள், சென்னை இராயபுரத்திலிருந்து வாலாசா சாலை வரை தென்னாட்டின் முதல் பயணியர் இருப்புப்பாதை திறக்கப்பட்டது. பஞ்சு துறைமுகத்திற்கும் ஆலைத்துணி உள்நாட்டிற்கும் விரைந்து செல்ல வழி ஏற்பட்டது. அதன்பின் 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைக் கொடும்பஞ்சம் வாட்டியது. ஏரிகள் வறண்டன. பல இலட்சம் மக்கள் பசியாலும் நோயாலும் மாண்டனர். உயிர் தப்பியோருள் பலர் இலங்கை, மலேயா முதலிய நாடுகளின் தோட்டங்களுக்குச் சென்றனர். வேறு பலர் வேலை தேடிச் சென்னை நகரை நாடினர்.

அவர்களுக்கு வேலை தரும் ஆலைகளும் அக்காலத்திலேயே எழுந்தன. பின்னி நிறுவனத்தார் 1876இல் பக்கிங்காம் ஆலையையும், 1881இல் கர்நாடிக் ஆலையையும் பெரம்பூர்ப் பகுதியில் நிறுவினர். பாவநாசத்தின் அருகே பொருநை ஆற்றின் நீராற்றலைக் கொண்டு ஆர்வி நிறுவனத்தாரின் ஆலை இயங்கலாயிற்று. 1888ஆம் ஆண்டில் கோயம்புத்தூரிலும், அதையடுத்து மதுரையிலும் நூற்பாலைகள் தோன்றின. 1930களில் பைக்காரா மின்னாற்றல் கிடைத்தபின் கோவை நாடு ஆலைகள் நிறைந்த நாடாயிற்று.

ஆலைச் சங்கு

ஆலை வாழ்வில் முதலில் மாறியது பொழுது. விடியுமுன் ஆலைச் சங்கு ஊதும். அவ்வொலிக்குள் வாயிலைக் கடவாதவர் கூலியை இழக்க நேரும். தண்டமும் செலுத்த நேரும். பொறி நிற்காத வரை அதன் முன் நிற்பவனும் நிற்கலாகாது. வேலைக்குச் சேர்ப்பதும் நீக்குவதும் பெரும்பாலும் மேஸ்திரியின் கையிலேயே இருந்தன. தன் வீட்டில் தானே தலைவனாய் இருந்தவன், ஆயிரவருள் ஒருவனானான்.

ஆயினும் ஆலை நன்மையும் செய்தது. மழை பெய்தாலும் கூலி உண்டு. ஊரில் பிறப்பைக் காட்டி ஒதுக்கப்பட்டவருக்கு, நகரத்தில் மாதந்தோறும் காசு கிடைத்தது. வேறுவேறு குலத்தவர் ஒரே கூரையின்கீழ் வேலை செய்தனர். ஊரில் இருந்த பிரிவினைகள் ஆலைக்குள்ளும் புகுந்தன என்பது உண்மையே. எனினும் ஒரே துன்பத்தைப் பலர் ஒருங்கே அடைந்தமையால், ஒருங்கே பேசவும் கற்றனர்.

வேலை நேரத்திற்கு எல்லை வகுக்கச் சட்டம் வேண்டியதாயிற்று. இங்கிலாந்தில் 1833ஆம் ஆண்டுச் சட்டம், ஒன்பது வயதிற்குட்பட்ட குழந்தைகளை நெசவாலைகளிற் சேர்க்கலாகாது என விலக்கியது. இந்தியாவின் முதல் தொழிற்சாலைச் சட்டம் 1881இல் வந்தது. ஏழு வயது நிரம்பாதவரை அது விலக்கியது; ஏழு முதல் பன்னிரண்டு வயது வரையுள்ள சிறுவர் நாள்தோறும் ஒன்பது மணி உழைக்கலாம் என்றது. வளர்ந்தோருக்கு எவ்வரம்பும் இல்லை. இச்சட்டத்திற்குக் குழந்தைகள்பாற் கொண்ட இரக்கம் மட்டும் காரணம் அன்று. இந்திய ஆலைகளின் போட்டியை அஞ்சிய இலங்காசயர் முதலாளிகளின் வற்புறுத்தலும் காரணமாகும். 1911ஆம் ஆண்டுச் சட்டமே நெசவாலைகளில் ஆடவரின் வேலையை நாளுக்குப் பன்னிரண்டு மணியாக வரையறுத்தது. 1922இல் அது பதினொரு மணியாயிற்று. 1934இல் பத்து மணியாயிற்று. நாடு விடுதலை பெற்றபின், 1948ஆம் ஆண்டுச் சட்டம் வாரத்திற்கு 48 மணி என்னும் எல்லையை வகுத்தது. பதினான்கு வயது நிரம்பாதவரை வேலைக்குச் சேர்ப்பதையும் தடுத்தது. ஏழு வயதிலிருந்து பதினான்கு வயதிற்கு வர 67 ஆண்டுகள் ஆயின.

நீரும் நோயும்

நூற்பாலையில் ஈரக்காற்று வேண்டும். காற்று உலர்ந்தால் இழை அறுந்துவிடும். ஆதலின் பலகணிகளை மூடி, அறையில் நீராவியையோ நீர்த்துளிகளையோ பரவச் செய்தனர். அப்புழுக்கத்தில் பஞ்சுத் தூசி பறந்தது. பல்லாண்டு அத்தூசியை உட்கொண்டவரின் மூச்சுக்குழல் சுருங்கும். இருமலும் மூச்சுத்திணறலும் தோன்றும். ஓய்வு நாள் கழிந்து மீண்டும் வேலைக்குச் செல்லும் முதல் நாளில் நெஞ்சு இறுகுதல் இந்நோயின் தொடக்கக் குறியாகும். வேலையே நோயைத் தருகிறது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

ஆலைக்கு வெளியேயும் இடர் இருந்தது. தொழிலாளர் ஆலையை அடுத்த தாழ்ந்த நிலங்களிற் குடிசையிட்டு நெருங்கி வாழ்ந்தனர். சிற்றூரில் வீடுகள் விலகி இருந்தன. கழிவை நிலம் ஏற்றுக்கொண்டது. நகர்ப்புறத்திலோ கழிவு செல்லவும் வழியில்லை. நல்ல நீர் வரவும் வழியில்லை. கிணறும் கழிப்பிடமும் அருகருகே அமைந்தன. ஒருவருக்கு வாந்திபேதி கண்டால் தெருவே நோயுற்றது.

அந்நோய் தீய காற்றினால் வருகிறது என்றே நெடுங்காலம் நம்பினர். 1854இல் இலண்டன் மாநகரில் ஜான் ஸ்னோ என்னும் மருத்துவர், இறந்தோர் வீடுகளைக் கணக்கிட்டு, அவர்களுட் பெரும்பாலோர் ஒரே குழாயடி நீரைப் பருகியவர்கள் எனக் காட்டினார். 1884இல் இராபர்ட் காக் என்னும் செருமானிய அறிஞர் கல்கத்தாவில் ஆராய்ந்து, அந்நோயின் கிருமியைக் குளத்து நீரிலும் கண்டறிந்தார். நோய்க்குக் காரணம் நீர் என்று தெளிந்தபின், நீரைக் காப்பதே மருந்தினும் சிறந்தது என்பது விளங்கிற்று.

சென்னை நகருக்கு 1872 முதலே செங்குன்றம் ஏரி நீர் கொணரப்பட்டது. ஆயினும் அது திறந்த கால்வாயில் வந்தது, வடிகட்டப்படவில்லை. 1914ஆம் ஆண்டில் கீழ்ப்பாக்கத்தில் மணல் வடிகட்டிகள் அமைந்த பின்னரே தூய நீர் கிடைக்கலாயிற்று. மெல்லிய மணற்படுகையின் வழியே நீர் சிறுகச் சிறுக இறங்கும்போது அழுக்கும் கிருமிகளும் மேலே தங்கிவிடும். எளிதாகிய அவ்வமைப்பு எண்ணற்ற உயிர்களைக் காத்தது. கிண்டியில் 1899இல் நிறுவப்பட்ட கிங் நிலையம் அம்மைப்பால் செய்து மாகாணமெங்கும் அனுப்பியது. 1939இல் சென்னை மாகாணம் பொதுச் சுகாதாரச் சட்டம் ஒன்றை இயற்றியது. குடிநீர் வழங்குவதையும் கழிவு அகற்றுவதையும் ஊராட்சி அமைப்புகளின் கடமையாக்கிய இத்தகைய விரிவான சட்டத்தை இயற்றுவதில் இந்திய மாகாணங்களுள் சென்னையே முந்தியது.

நெருக்கமான குடியிருப்புகளில் எலும்புருக்கி நோய் எளிதிற் பரவியது. 1928இல் தாம்பரத்தில் டாக்டர் சவுரிமுத்து அந்நோய்க்கு ஒரு மருத்துவ நிலையம் அமைத்தார். நல்ல காற்றும் ஓய்வும் உணவுமே அக்காலத்து மருந்து. கூலியை இழந்து மாதக்கணக்கில் அங்குத் தங்கத் தொழிலாளியால் இயலுமோ? இவ்வினாவிற்குச் சென்னையிலேயே விடை கிடைத்தது. 1956இல் இங்கு நிறுவப்பட்ட எலும்புருக்கி ஆராய்ச்சி நிலையத்தார், நோயாளிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு மருத்துவமனையிலும், மறு பிரிவினருக்கு வீட்டிலும் ஒரே மருந்தை அளித்தனர். வீட்டில் இருந்தோரும் ஏறத்தாழ அவ்வளவே குணமடைந்தனர். 1959இல் வெளியான அம்முடிவு, ஏழைகளின் சிறு குடில்களிலும் நோயைத் தீர்க்கலாம் என உலகிற்குக் காட்டியது.

எழுந்த குரல்

சட்டங்கள் தாமாகவே வந்துவிடவில்லை. 1908ஆம் ஆண்டில் தூத்துக்குடிக் கோரல் ஆலைத் தொழிலாளர், வ. உ. சிதம்பரம் பிள்ளையின் துணையோடு வேலைநிறுத்தம் செய்தனர். கூலி உயர்வும், வேலை நேரக் குறைப்பும், வார விடுமுறையும் அவர்கள் கேட்டவை. ஒன்பது நாளில் அவற்றிற்கு ஆலையினர் இணங்கினர்.

பெரம்பூர்த் தொழிலாளருக்கு நண்பகல் உணவு உண்ணவும் போதிய இடைவேளை இல்லை. இக்குறையைச் செல்வபதி செட்டியாரும் இராமானுசலு நாயுடுவும் பி. பி. வாடியாவிடம் எடுத்துரைத்தனர். 1918ஆம் ஆண்டு ஏப்ரல் 27ஆம் நாள் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியது. ஒழுங்காக அமைந்த தொழிற்சங்கங்களுள் இந்தியாவில் இதுவே முதன்மையானது என்பர். திரு. வி. கலியாணசுந்தரனார் தம் இனிய தமிழால் தொழிலாளர்க்கு அறிவும் ஊக்கமும் ஊட்டினார்.

1921இல் அவ்வாலைகளில் எழுந்த வேலைநிறுத்தம் பல திங்கள் நீண்டது. துப்பாக்கிச் சூடும் நிகழ்ந்தது. தொழிலாளருள் ஒரு சாரார் வேலைக்குத் திரும்பவே, சாதிப் பிளவு பகையாய் வெடித்துப் புளியந்தோப்பிற் குடிசைகள் எரிந்தன. வேலைநிறுத்தம் தோல்வியுற்றது. ஒற்றுமை குலைந்தால் நேர்வது யாது என்பதைத் தொழிலாளர் பெருந்துன்பத்தின் வாயிலாக அறிந்தனர். எனினும், சங்கத் தலைவர்கள்மீது தொடுக்கப்பட்ட வழக்கு நாடெங்கும் எழுப்பிய எண்ணமே, 1926இல் தொழிற்சங்கச் சட்டம் பிறக்க வழிகோலியது. 1923ஆம் ஆண்டு மே முதல் நாளில் சிங்காரவேலர் சென்னைக் கடற்கரையில் இந்தியாவின் முதல் மே நாள் விழாவை நடத்தினார்.

நூறு ஆண்டுகள் கழிந்து, 2023ஆம் ஆண்டு ஏப்ரலில், தொழிற்சாலைகளில் நாளொன்றுக்குப் பன்னிரண்டு மணி வரை வேலை செய்ய இடந்தரும் திருத்தம் ஒன்று தமிழகச் சட்டமன்றத்தில் நிறைவேறியது. வார வேலை நேரம் மிகாது என அரசு கூறினும் எதிர்ப்பு வலுத்தது. அதே ஆண்டு மே முதல் நாளில் அது திரும்பப் பெறப்படுவதாக அறிவிக்கப்பட்டது. வேலை நேரத்தைப் பற்றிய வழக்கு பழங்கதை ஆகிவிடவில்லை என்பதற்கு இது சான்றாகும்.

இற்றை நாளிற் காஞ்சி நாடு

பெரம்பூர் ஆலைகள் 1996இல் மூடப்பட்டன. அதே ஆண்டில் திருப்பெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் மகிழுந்துத் தொழிற்சாலை ஒன்றிற்கு அடிக்கல் நாட்டப்பட்டது. 1998இல் அங்கு வண்டிகள் உருவாகலாயின. ஒரகடம் வரை தொழிற்சாலைகள் பரவின. அன்று ஊரையே துறந்து நகருக்குச் சென்றனர். இன்று காஞ்சிபுரம் மாவட்டத்துச் சிற்றூர்களின் இளைஞரும் பெண்களும் தொழிற்சாலைப் பேருந்தில் ஏறிச் சென்று, பணி முறை முடிந்ததும் ஊர் திரும்புகின்றனர். காஞ்சிப் பட்டும் அழிந்துவிடவில்லை. கூட்டுறவுச் சங்கங்களின் துணையாலும், 2005இல் பெற்ற புவிசார் குறியீட்டினாலும் அது தன் பெயரைக் காத்து வருகிறது. ஆயினும் தறியை விட்டுத் தொழிற்சாலைக்குச் சென்ற நெசவாளர் மக்கள் பலர்.

நீரைப் பற்றிய கவலையும் தொடர்கிறது. வேலூர்ப் பகுதியின் தோல் பதனிடும் தொழிற்கூடங்களின் கழிவு பாலாற்றையும் கிணறுகளையும் கெடுத்தது. அது குறித்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் தீர்ப்பளித்தது. நீரையும் நிலத்தையும் கெடுத்தவரே அவற்றைச் சீர் செய்யும் செலவையும், தீங்குற்றோர்க்கு இழப்பீட்டையும் ஏற்கவேண்டும் என்பது அத்தீர்ப்பின் சாரம்.

பொறித்தொழில் மக்களுக்கு மலிவான துணி தந்தது. நாள் தவறாத கூலி தந்தது. பிறப்பாற் பூட்டப்பட்ட கதவுகள் சிலவற்றைத் திறந்தது. கூடவே தூசியையும், நெருக்கத்தையும், அழுக்கு நீரையும் தந்தது. நன்மைகள் பொறியினோடு வந்தன. தீமைகளோ மக்கள் முயன்று சட்டமும் சங்கமும் குழாய்நீரும் அமைத்த அளவிற்கே குறைந்தன. தொழில் வளரும் வேகத்தில் பொறுப்பும் வளரவேண்டும். பொது நீரைக் காப்பவர் இன்னார் எனக் குறித்து, அவரைக் கணக்குக் காட்டுமாறு கேட்ட உத்திரமேரூர்ச் சுவர்கள் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் எழுதி வைத்த பாடமும் இதுவே. அன்று சிலர்க்கே இருந்த அவ்வுரிமை இன்று எல்லார்க்கும் உரியது. அதனைப் பயன்படுத்துதல் எல்லார்க்கும் கடமையாகும்.